மாமாவின் பைக்குக்குக் கூரை: போட்டதும் கழற்றியதும்

சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம், திடீரென்று அடித்த கோடை மழையில் தெப்பலாக நனைந்து பட்டறைக்கு வந்தார் மாமா. துண்டு கொடுத்தேன், அதைக்கூட வாங்காமல் முதலில் ஃபோனைத்தான் நீட்டினார். பேரன் காட்டிய வீடியோவாம். ஏதோ ஓர் ஐரோப்பிய நகரம், கூரை வைத்த ஸ்கூட்டர், அதற்குள் கோட்டு போட்ட ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் மழையில் ஜம்மென்று போகிறார்.

"மாப்ள, இதே மாதிரி நம்ம வண்டிக்கு ஒண்ணு அடிச்சுக் குடு. ஊருக்கெல்லாம் கேட்டு, கிரில்லுன்னு அடிக்கிற, மாமனுக்கு ஒரு கூரை போட மாட்டியா?"

வைகாசியில் போட்டுக் கொடுத்தேன். ஆடியில் நானே கழற்றினேன். ஐப்பசிக்குள் வேறொன்று செய்து மாட்டினேன், அது இன்றுவரை வண்டியில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இதே கேள்வியோடு இன்னும் மூன்று பேர் பட்டறைக்கு வந்துவிட்டார்கள், மூன்று பேருக்கும் வாயால் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மாமாவுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். மல்லிகைத் தோட்டம் கொஞ்சம் சொந்தமாக உண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் பூ எடுப்பார். இருட்டோடு மொட்டாகப் பறித்த பூவை மூட்டை கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருவார். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல், ஆனால் மார்க்கெட்டில் அந்தப் பெயரெல்லாம் செல்லாது, பூ காய்ந்து மொட்டாக வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தண்ணீர் பட்ட மொட்டு கொஞ்ச நேரத்தில் பழுப்பு ஏறிவிடும், மூட்டையைப் பிரிக்கும்போதே வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். மழைக்காலத்தில் மல்லிகை வரத்தே குறைவு, இருக்கிற கொஞ்சத்துக்கும் நல்ல விலை, அதுவும் நனைந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருக்கு வயது 58, போன வருடம்தான் கண்புரை எடுத்திருந்தார், எதிர்காற்றும் தூசியும் பட்டால் கண் கலங்கிக்கொண்டே இருக்கும். ஹெல்மெட் முன்கண்ணாடியை இறக்கிவிட்டால் மழையில் எதிரே வருகிற லைட்டெல்லாம் பூசணிப்பூ மாதிரி விரிந்து தெரிகிறது என்பார். ஆக அவர் கேட்டது ஆடம்பரம் இல்லை.

வண்டி ஸ்பிளெண்டர். 97.2 சிசி, எடை சுமார் 112 கிலோ. வண்டியின் சேஸிஸில் ஓட்டை போடுவதில்லை, வெல்டிங் வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பைப் வலு குறைந்துபோகும், அப்புறம் எப்போது எங்கே விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் லெக் கார்டு, பின்னால் கேரியர், இரண்டிலும் யூ கிளாம்ப் போட்டுப் பிடிப்பது, எப்போது வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் கழற்றலாம். இந்த ஒரு முடிவை மட்டும் நான் சரியாக எடுத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சட்டத்துக்கு முக்கால் இஞ்ச் இரும்புப் பைப், 16 கேஜ், மொத்தம் ஏழு மீட்டர் பிடித்தது. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால், மேலே 1.40 மீட்டர் நீளமும் அறுபது சென்டிமீட்டர் அகலமும் உள்ள கூரை. கூரைக்கும் பக்கத் திரைக்கும் ரெக்சின். அதைத் தைக்க ஆட்டோவுக்கு டாப் தைக்கிற பாயிடம் வண்டியோடு போனேன். அவர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே, "தம்பி, ஆட்டோவுக்கு மூணு சக்கரம் இருக்கு, அதான் டாப்பு நிக்குது. இதுக்கு ரெண்டுதானே?" என்றார். நான் சிரித்துவிட்டு, பட்டன் எங்கே வரவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

முன்கண்ணாடி விஷயத்தில் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலில் வாங்கியது அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும், விலையும் குறைவு, பெயர்ப்பலகைக் கடைக்காரர் அளவுக்கு வெட்டியே கொடுத்துவிட்டார். நான்கு ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்கினேன், மறுநாள் ஒரு ஓட்டையில் இருந்து மயிரிழை மாதிரி ஒரு கீறல், இரண்டு நாள் செக்கானூரணி ரோட்டில் ஓடியதும் அது அடுத்த ஓட்டை வரை போய்ச் சேர்ந்தது. அக்ரிலிக் வளையாது, உடையும், உடைந்த துண்டு கத்தி மாதிரி இருக்கும். அதை ஓட்டுகிறவரின் கழுத்துக்கு நேரே வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்து மூன்று மில்லிமீட்டர் பாலிகார்பனேட், இதுவும் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் ஷீட்தான். சுத்தியலால் அடித்தாலும் குழி விழுமே ஒழிய உடையாது. ஆனால் அதற்கு வேறு விதமான கோபங்கள் உண்டு. ஒன்று, வெயிலில் நீளும். ஒரு மீட்டர் ஷீட் ஒரு டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர் நீளும், விடியற்காலையில் இருந்து மத்தியானம் மாட்டுத்தாவணி வெயிலில் நிற்பதற்குள் ஷீட்டின் சூடு நாற்பது டிகிரி ஏறிவிட்டால் தொண்ணூறு சென்டிமீட்டர் ஷீட் இரண்டரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். போல்ட் ஓட்டை இறுக்கமாக இருந்தால் அந்த இரண்டரை மில்லிமீட்டருக்குப் போக இடம் இருக்காது, ஓட்டை ஓரத்தில்தான் வெடிக்கும். அதனால் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர் ஓட்டை, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், கையால் இறுக்குகிற அளவுக்குத்தான் இறுக்கம். இரண்டாவது, ஷீட்டின் ஒரு முகத்தில் மட்டும் வெயில் தாங்குகிற பூச்சு இருக்கும், எந்த முகம் என்று மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் உரித்துப் போட்டுவிட்டால் ஒரே வருடத்தில் மஞ்சளாகிவிடலாம். மூன்றாவது, தின்னர். பட்டறைப் பையன் மார்க்கர் கோட்டை அழிக்கிறேன் என்று தின்னர் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தான், துடைத்த இடமெல்லாம் நரம்பு நரம்பாக வெள்ளைக் கீறல். பெட்ரோல் பட்டாலும் இதே கதைதான், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற மருந்தும் ஆகாது, நட்டு கழலாமல் இருக்க விடுகிற பசையிலும் சில வகை ஷீட்டைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும், அதுவும் முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிட்டுவிட்டு அப்புறம் துடைக்க வேண்டும், காய்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும்.

வளைக்கும்போதும் ஒரு ஷீட் போனது. ஹீட் கன் வைத்து வளைத்தேன், வளைவு முழுக்க அரிசி அரிசியாகக் கொப்புளம். பாலிகார்பனேட் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து வைத்திருக்குமாம், அடுப்பில் 120 டிகிரி அளவில் மணிக்கணக்கில் காயவைத்துவிட்டுத்தான் சூட்டில் வளைக்க வேண்டும். என்னிடம் ஏது அந்த அடுப்பு. சூடே இல்லாமல் சும்மா வளைத்துச் சட்டத்தில் பிடிக்கலாம், அதற்கு வளைவின் ஆரம் ஷீட் தடிமனைப் போலக் குறைந்தது நூறு மடங்காவது இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர். அதற்குள் அடங்குகிற மாதிரி சட்டத்தை மாற்றி அடித்தேன்.

எல்லாம் சேர்த்து எடை பத்துக் கிலோவுக்கு ஒட்டி வந்தது. பைப் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, கண்ணாடி இரண்டு, மீதி ரெக்சினும் கிளாம்ப்பும். செலவு, வீணான இரண்டு ஷீட்டையும் கணக்கில் சேர்த்தால் ஆறாயிரத்தைத் தொட்டது, மாமாவிடம் நாலாயிரம் என்று சொன்னேன். ஊரில் வண்டியைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் கூட்டம், டீக்கடையில் "பல்லக்கு வந்துருச்சு" என்று கிண்டல், மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கேரியரில் மாட்டிவிட்டார். "அதான் கூரை இருக்குல்ல?" அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது.

அந்த வீடியோ ஸ்கூட்டரைப் பற்றி நான் தேடிப் படித்தது அப்போதுதான், அதாவது கூரையைப் போட்டு முடித்த பிறகு. அது பி.எம்.டபிள்யூ. சி1, 2000 முதல் 2002 வரைதான் செய்தார்கள், ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள். அதன் கூரை மழைக்காகப் போட்டது மட்டும் இல்லை, விழுந்தால் ஆளைக் காப்பாற்றுகிற கூண்டு அது, ஓட்டுகிறவர் சீட்டோடு பெல்ட் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், அந்தப் பெல்ட்டை நம்பித்தான் சில நாடுகளில் ஹெல்மெட் வேண்டாம் என்று விட்டார்கள். எங்கள் கூண்டில் பெல்ட் இல்லை. பெல்ட் இல்லாத கூண்டோடு விழுந்தால் சாதாரண பைக்கில் இருந்து தூக்கி எறியப்படுவதைவிட மோசம், கை ஒரு பைப்பிலும் கால் இன்னொன்றிலும் மாட்டிக்கொண்டு வண்டியோடு சேர்ந்து தேய்ந்து போக வேண்டியதுதான். ஜப்பானில் பீட்சா கொண்டுபோகிற ஹோண்டா ஜைரோ கேனபி என்று ஒன்று உண்டு, 1990-ல் வந்தது, அதிலும் கூரை இருக்கிறது. அதற்கு மூன்று சக்கரம். பாய் சொன்னது அப்போதுதான் மறுபடி காதில் விழுந்தது. இரண்டு வண்டியிலும் கண்ணாடிக்கு வைப்பர் வேறு இருக்கிறது.

வைப்பர் இல்லாததன் அருமை ஆனி மாதத்து ஒரு மழையில் தெரிந்தது. நாகமலை அடிவாரத்தில் நானே ஓட்டிக்கொண்டிருந்தேன், மழை வலுத்தது, கண்ணாடி முழுக்கத் தண்ணீர், எதிரே வந்தது லாரியா வீடா என்றே தெரியவில்லை. கண்ணாடிதான் கூரை வரைக்கும் ஏறி நிற்கிறதே, அதன் மேலாகப் பார்க்கவும் வழியில்லை. பக்கத் திரையை விலக்கித் தலையை வெளியே நீட்டி, ரயில் என்ஜின் டிரைவர் மாதிரி பார்த்துக்கொண்டு ஓட்டினேன். தலை முழுக்க நனைந்தது. கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

சரி, ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன். நின்றபோது கூரை அருமையாக வேலை செய்தது, ஒரு சொட்டுகூட மேலே படவில்லை. ஓடும்போது மட்டும் மடி, முழங்கால், நெஞ்சு எல்லாம் ஈரம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் முன்னால் போகும். அப்படியென்றால் வண்டியில் இருப்பவருக்கு மழை மேலிருந்து வரவில்லை, எதிரே இருந்து வருகிறது, நேர்ச் செங்குத்தில் இருந்து அறுபது டிகிரி சாய்ந்து. ஒரு மீட்டர் பின்னால் வருவதற்குள் துளி அறுபது சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். ஓடுகிற வண்டியில் மழையை மறைப்பது கண்ணாடிதான். தலைக்கு மேலே இருக்கிற அத்தனை ரெக்சினும் சிக்னலில் நிற்கும்போது மட்டும் பயன்படுகிறது. உசிலம்பட்டியில் இருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் விடிகாலையில் அவர் நிற்கிற சிக்னல் எத்தனை? இரண்டு தாண்டாது.

இந்தக் கணக்கை மாமாவிடம் சொன்னபோது, "நீ சொல்றது சரிதான், ஆனா வெயிலுக்கு நல்லா இருக்கு மாப்ள" என்றார். அதுவும் உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் அதே வெயிலில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. முழங்காலுக்குத் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று லெக் கார்டு முழுக்க ரெக்சினால் மூடியிருந்தேன். என்ஜின் காற்றில் குளிர்கிற என்ஜின், சிலிண்டரைச் சுற்றியிருக்கிற தகடுகளின் மேல் காற்று பட்டால்தான் சூடு இறங்கும், நான் அந்தக் காற்றை வாசலிலேயே அடைத்துவிட்டேன். பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் கால் பக்கம் அடுப்பு மாதிரி இருக்கிறது, பிக்கப் இல்லை என்றார். மைலேஜும் அறுபதில் இருந்து ஐம்பதுக்குக் கீழே வந்திருந்தது. அதில் சூட்டின் பங்கு கொஞ்சம், காற்றின் பங்குதான் நிறைய. வேகம் நாற்பதில் இருந்து அறுபதாக ஏறினால் எதிர்காற்றின் அழுத்தம் இரண்டேகால் மடங்கு ஆகிறது, அறுபதில் எங்கள் அரை சதுர மீட்டர் கண்ணாடி மட்டும் ஒன்பது கிலோ பின்னால் இழுக்கும்.

இதையெல்லாம் எப்படியாவது சரி செய்துவிடலாம் என்றுதான் ஆடி பிறக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா பூப்பணம் வசூலிக்க வாரம் ஒரு நாள் ஆண்டிபட்டி போவார். உசிலம்பட்டியைத் தாண்டினால் கணவாய், இரண்டு பக்கமும் மலை, ஆடி மாதத்தில் மேற்கே இருந்து வருகிற காற்று அந்த இடுக்கில் புகுந்து வெளியே வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் இந்தக் கணவாயில் நின்றுதான் சொன்னார்களோ என்னவோ. நல்ல வேளை, அன்றைக்கு ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கிக்கொண்டு போனது நான், மாமா பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்தார்.

நேர் எதிர்காற்றில் பிரச்சினை இல்லை, வண்டி முக்கியது, அவ்வளவுதான். ரோடு வளைந்து காற்று பக்கவாட்டில் விழ ஆரம்பித்ததும்தான் வண்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. யாரோ தோளில் கை வைத்து ஒரே சீராகத் தள்ளுகிற மாதிரி இருந்தது, நானும் அறியாமலேயே காற்று வருகிற பக்கம் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அது என்னைக் கடக்கிற அந்த ஒரு நொடி காற்றை முழுசாக மறைத்துவிட்டது. நான் சாய்ந்தபடியே இருக்கிறேன், தாங்கிக்கொண்டிருந்த காற்று இல்லை, வண்டி பஸ் இருந்த பக்கமாக இழுத்தது. நிமிர்த்துவதற்குள் பஸ் போய்விட்டது, காற்று மறுபடி பலமாக அறைந்தது, இந்த முறை வண்டி தாரை விட்டு இறங்கி மண்ணில் ஓடி, ஒரு கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. விழவில்லை. பின்னால் வந்து நிறுத்திய மாமா எதுவுமே பேசாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் பேசாமல் இருந்தால் ரொம்பப் பயந்துவிட்டார் என்று அர்த்தம்.

பிறகு கணக்குப் பார்த்தபோது மிரட்டுகிற எண் எதுவும் வரவில்லை. 45 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற பக்கக்காற்று, முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பக்கத் திரையில் சுமார் எட்டுக் கிலோ அழுத்தம் கொடுக்கும். எட்டுக் கிலோ ஒரு விஷயமா? தரையில் இருந்து 1.30 மீட்டர் உயரத்தில், டயர் ரோட்டைத் தொடுகிற ஒற்றைக் கோட்டின் மேல் நிற்கிற வண்டியில், அது விஷயம்தான். அதைச் சமாளிக்க வண்டியை நான்கு டிகிரி அளவுக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அடிக்கிற காற்று என்றால் சாய்ந்தபடியே ஊர் போய்ச் சேரலாம். காற்று நின்று நின்று அடிக்கும்போது, அதாவது பஸ், பாறை, புளியமரம் என்று ஏதாவது குறுக்கே வந்து வந்து போகும்போது, அந்த நான்கு டிகிரியைத்தான் ஒவ்வொரு நொடியும் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆட்டோ இதே காற்றைச் சக்கரத்தின் அகலத்தில் வாங்கிக்கொள்ளும். கூரையின் எடை கெடுத்தது என்றுதான் கேட்கிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பத்துக் கிலோவை மேலே வைத்ததால் வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் நான்கு சென்டிமீட்டர்தான் உயர்ந்தது, ஒரு பூ மூட்டையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினாலே அவ்வளவு உயரும். கெடுத்தது திரையின் பரப்பு.

அங்கேயே ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கத் திரையையும் கழற்றிச் சுருட்டிக் கட்டினேன். வெறும் கூரையோடு திரும்பினேன், அது இன்னொரு அனுபவம், முன் விளிம்பு கொஞ்சம் தூக்கி இருந்ததால் காற்று அடியில் புகும்போதெல்லாம் பட்டம் மாதிரி வண்டியின் முன்பாரத்தைத் தூக்கப் பார்த்தது, ஹேண்டில் லேசாகிப் போனது. மறுநாள் காலையில் சட்டம் முழுவதும் வண்டியை விட்டு இறங்கிவிட்டது.

சட்டம் என்றதும், இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மாமாவை ஆனியில் ஒரு நாள் ஊருக்குள் நிறுத்தினார்கள், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கழற்றிவிடுங்கள் பெரியவரே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், பூ மூட்டை வாடுகிறதே என்ற இரக்கமாக இருக்கலாம். அடுத்த முறையும் அந்த இரக்கம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஹெல்மெட் 129-வது பிரிவு, கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆவணியில் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். நனையாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் கூரையில்தான் போய் நிற்கும். கண்ணில் காற்று படக்கூடாது, நெஞ்சில் மழை அறையக்கூடாது, பூ நனையக்கூடாது, மற்றதை ரெயின்கோட் பார்த்துக்கொள்ளட்டும்.

பூ மூட்டைக்கான வேலை அரை நாளில் முடிந்தது. கேரியரில் நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா, அடியில் நாலைந்து ஓட்டை, மேலே எலாஸ்டிக் கோர்த்த தார்ப்பாய் உறை. பூவுக்கு மூச்சுவிட இடம் வேண்டும், இறுக்கி மூடினால் அது தன் சூட்டிலேயே வெந்துவிடும் என்று மாமா சொன்னதால் உறைக்குப் பின்பக்கம் ஒரு மடிப்பு வாய் விட்டுத் தைத்தார் பாய்.

கண்ணாடியின் உயரத்துக்குத்தான் நேரம் எடுத்தேன். வைப்பர் இல்லாத கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது, அதன் மேலாகப் பார்க்க வேண்டும். மாமாவை வண்டியில் உட்காரவைத்து, அவர் வழக்கமாகக் கூன் போட்டு உட்காருவாரே அப்படியே உட்காரச் சொல்லி, தரையில் இருந்து கண் உயரத்தை அளந்தேன், 150 சென்டிமீட்டர். பத்து மீட்டர் முன்னால் இருக்கிற பள்ளம் அவருக்குக் கண்ணாடியை மீறித் தெரிய வேண்டும். கண்ணில் இருந்து அந்தப் பள்ளத்துக்கு ஒரு கோடு இழுத்தால், கண்ணாடி இருக்கிற அரை மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு ஏழரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஆக மேல் விளிம்பு 142-ஐத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் ஒரு இஞ்ச் வைத்தாலும் மழையில் சரியாக அந்த விளிம்பு வழியாகத்தான் ரோடு தெரியும், அது இருப்பதிலேயே மோசமான நிலை.

கண்ணாடியை எதில் பிடிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, ஹேண்டிலில் பிடித்தால் காற்று நேராக ஸ்டியரிங்கில் அடிக்கும், சேஸிஸ் பக்கம்தான் பிடிக்க வேண்டும் என்று. அது பெரிய கண்ணாடிக்குச் சரி. ஆனால் அப்படி நிலையாக நிற்கிற கண்ணாடியில் ஹேண்டில் முழுசாகத் திரும்பும்போது இடிக்கக்கூடாது என்றால் அதை இருபத்தைந்து சென்டிமீட்டராவது முன்னால் தள்ளி வைக்க வேண்டும், தள்ளினால் சாய்ந்து வருகிற மழை அந்த இடைவெளியில் இறங்கி நெஞ்சில் அடிக்கும். 45-க்கு 50 சென்டிமீட்டர் என்று கண்ணாடியைச் சிறிதாக்கிவிட்டால் அது ஒரு கிலோவுக்கும் கம்மி, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று கிலோகூட இழுக்காது, மாமா ஐம்பதைத் தாண்டுவதில்லை. அதனால் பிடிவாதத்தை விட்டுவிட்டு ஹேண்டிலிலேயே, இரண்டு பக்கமும் சமமாக, நான்கு இடத்தில் பிடித்தேன். போல்ட் நைலான், உள்ளே ரப்பர் நட்டு. விழுந்தால் முதலில் போல்ட் அறுந்து கண்ணாடி தனியாகப் போய்விட வேண்டும், ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங்.

முதல் ஓட்டத்தில் நாற்பது தாண்டியதும் ஹெல்மெட் படபடவென்று அடித்தது. காற்று எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே சரி செய்ய முடியும். மாமாவின் பையில் பூக்கட்டுகிற நூல் உருண்டை எப்போதும் இருக்கும், அதில் விரல் நீளத்துக்கு முப்பது துண்டு வெட்டிக் கண்ணாடியிலும் ஹெல்மெட்டிலும் டேப் போட்டு ஒட்டினேன், பையனைப் பக்கத்து வண்டியில் ஃபோனோடு வரச்சொல்லி நாகமலை ரோட்டில் போய் வந்தோம். விளிம்பைத் தாண்டிய நூலெல்லாம் பின்னால் படிந்து போகாமல் சுழன்று கண்ணாடிப் பக்கமே திரும்பி வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, மேலே போகிற காற்றை அந்த வெற்றிடம் உள்ளே இழுக்கிறது. கண்ணாடியின் அடியில், ஹெட்லைட்டுக்கு மேலே, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சந்து விட்டேன். கீழிருந்து கொஞ்சம் காற்று உள்ளே வந்ததும் படபடப்பு பாதிக்கும் மேல் அடங்கியது, சாய்மானத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் படுக்க வைத்ததும் மீதியும் தாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. எந்த நேரமும் ஹெட்லைட் எரிகிற வண்டி அது, 2017-க்குப் பிறகு வந்த வண்டிகள் எல்லாமே அப்படித்தான், அந்த வெளிச்சம் கண்ணாடியின் கீழ் விளிம்பில் பட்டு இருட்டில் கண் கூசியது. கருப்பு டேப் ஒரு சுற்று சுற்றியதும் சரியானது.

லெக் கார்டுக்கு ரெக்சின் ஏப்ரன் இப்போதும் உண்டு, நடுவில் பிளந்து, முழங்காலுக்கு முன்னால் மட்டும். என்ஜினுக்கு வழி விட்டிருக்கிறேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மாமா சொன்ன கணக்கு இது. கண் கலங்கவில்லை. நெஞ்சில் மழை அறைகிறது நின்றது. முழங்கால் நனையவில்லை, பாதம் நனைகிறது. தோளும் கழுத்தும் நனைகிறது, ரெயின்கோட் இல்லாமல் முடியாது. ஹெல்மெட் கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டே ஓட்ட முடிகிறது, அதனால் எதிர் லைட் விரிவது குறைந்திருக்கிறது. பூ ஒரு நாள்கூட நனையவில்லை. கார்த்திகையில் ஆண்டிபட்டிக்கும் போய் வந்தார், பஸ் கடக்கும்போது வண்டி ஒரு அசைவு அசைகிறது, அது கண்ணாடி இல்லாத காலத்திலும் அசைந்ததுதான் என்கிறார். ஆடிக்காற்றில் இன்னும் ஓட்டவில்லை, அதைப் பார்க்காமல் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐம்பதுக்குப் பக்கத்தில் வலது பக்க பீடிங் ஊதல் மாதிரி ஒரு சத்தம் போடுகிறது, இரண்டு தடவை மாற்றியும் போகவில்லை.

இப்போது அவருடைய மச்சினனும் எக்ஸ்.எல். வண்டிக்கு ஒன்று வேண்டும் என்கிறார், இதே அளவில் ஒன்று வெட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பு என்று ஃபோன். மச்சினன் மாமாவைவிட ஒரு சாண் குள்ளம், எக்ஸ்.எல். சீட்டும் வேறு உயரம். டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆளும் வண்டியும் சேர்ந்து நேரில் வந்தால்தான் ஷீட்டில் கோடு போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.